நாப்பத்தஞ்சாவதாக வந்தவர்

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்கு பற்றி எழுதுகிறாயே என்று சிரிக்காதீர்கள். நமக்குத் தெரிந்த பனி இரண்டுதான். மார்கழிக் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் மூடிக்கொண்டு நிற்பது ஒன்று. ஈ.சி.ஆரில் வி.ஜி.பி.யில் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்ப்பது இன்னொன்று. ஆனாலும் ஆரிஃப் கான் கதை நமக்கும் சம்பந்தப்பட்டதுதான். பி.காம் படிக்கிறவனுக்கு அதில் முதலில் கண்ணில் படுவது பணக்கணக்கு.

தெரியாதவர்களுக்கு: ஆரிஃப் கான் காஷ்மீரில் தங்மார்க் பகுதியைச் சேர்ந்தவர். அப்பா குல்மார்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தார். நாலு வயதில் பனியில் இறங்கிய பையன், 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டில் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கினார். மலைச்சரிவில் நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் போட்டிகள் இவை. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் இவர்தான்.

முடிவு? ஜயன்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம். ஸ்லாலத்தில் பாதியிலேயே வெளியேறினார். அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் நிறைய பேர்.

கொஞ்சம் பொறுங்கள். ஜயன்ட் ஸ்லாலம் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. இறங்கியது 89 பேர். ஏறக்குறைய பாதிப்பேர் போட்டியை முடிக்கவே இல்லை. தரவரிசையில் பின்னால் இருப்பவர்கள் கடைசியில்தான் இறங்குவார்கள். அதற்குள் முன்னால் போனவர்கள் பாதையை உழுது பள்ளமாக்கியிருப்பார்கள். அதில் விழாமல் இரண்டு முறையும் இறங்கி முடித்தார் மனிதர். தங்கம் வென்ற சுவிட்சர்லாந்தின் மார்கோ ஒடர்மட்டுக்கும் இவருக்கும் இடைவெளி சுமார் 38 விநாடி. பெரிய இடைவெளிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 38 விநாடியில் திறமைக் குறைவு எவ்வளவு, காசுக் குறைவு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறும் முறையைப் பாருங்கள். வென்றவரை விட எவ்வளவு பின்தங்கினோம், கூட ஓடியவர்கள் எவ்வளவு பலமானவர்கள் என்பதை வைத்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளி குறையக் குறைய நல்லது. பெய்ஜிங்குக்கு, சிறந்த ஐந்து பந்தயங்களின் சராசரி 160-க்குள் இருக்க வேண்டும். புள்ளி கிடைக்கும் பந்தயங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில். விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சியாளர், உபகரணம்... காசு தண்ணீராய்ப் போகும். 2018 பியாங்சாங் போட்டிக்கு இவர் போகமுடியாமல் போனதற்குப் பணத் தட்டுப்பாடுதான் காரணம்.

அப்புறம் 2021 நவம்பரில் துபாயில் ஸ்லாலத்துக்கும், டிசம்பரில் மாண்டிநீக்ரோவில் ஜயன்ட் ஸ்லாலத்துக்கும் தகுதி பெற்றார். பாலைவன ஊரில் குளிர்கால ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி! இதற்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டார். மத்திய அரசின் டாப்ஸ் திட்டத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2022 ஜனவரியில். தொகை சுமார் 17 லட்சத்து 46 ஆயிரம். போட்டி தொடங்கியது பிப்ரவரி 4. அறுவடைக்கு ஆள் வந்து நிற்கும்போது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி இல்லையா?

இன்னொன்றும் நடந்தது. கல்வான் மோதலில் காயம்பட்ட தன் ராணுவ அதிகாரியைச் சீனா ஜோதி ஏந்த வைத்தது. அதனால் தொடக்க விழாவையும் நிறைவு விழாவையும் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பவில்லை. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடக்க விழாவில் நம் கொடியைப் பிடித்து நடந்த அந்த ஒரே வீரரை நம் டி.வி.யில் பார்க்க முடியாமல் போனதும் உண்மை.

"கேட்கிறவனுக்கெல்லாம் முன்கூட்டியே கொடுத்தால் அரசாங்கம் திவாலாகிவிடும்" என்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. பனிச்சறுக்கில் புள்ளிப் பட்டியல் இருக்கிறது, ஓட்டத்தில் நேரம் இருக்கிறது. வருடா வருடம் முன்னேறுகிறானா என்று எட்டாம் கிளாஸ் பையன்கூடக் கணக்குப் போட்டுவிடுவான். முன்னேறுகிறவனுக்கு மூன்று வருடத்துக்கு முன்பே கொடுங்கள், தேங்கினால் நிறுத்துங்கள். ஒரு சின்னக் கடைக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி பார்ப்பதும் இதைத்தானே? லாபம் வந்தபிறகு கொடுப்பதற்குப் பெயர் முதலீடு இல்லை, மொய்!

இது காஷ்மீர் சமாச்சாரம் மட்டும் இல்லை. நம்ம சென்னைப் பெண் பவானி தேவி வாள்வீச்சு பழக ஆரம்பித்தபோது வாள் விலை கட்டுப்படியாகாமல் மூங்கில் குச்சியில் பழகினார். டோக்கியோவில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனபிறகு அவரை எல்லோருக்கும் தெரிந்தது. என் வகுப்பிலேயே 400 மீட்டர் ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். நல்ல ஓட்டக்காரன். இப்போது சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் ஒரு கடையில் பில் போடுகிறான். ஸ்பைக்ஸ் ஷூ தேய்ந்து போயிற்று, அடுத்த ஜோடிக்குக் காசில்லை. மெடல் வாங்கி வா, பார்க்கலாம் என்றார்களாம்.

மெடல் வாங்கினவனுக்கு எதற்கு நம் உதவி? 45-வது இடத்தில் இருக்கிறவனுக்குத்தான் அது வேண்டும். 45-லிருந்து 25-க்கு வர அவனுக்கு ஒரு ஜோடி ஷூவோ, ஒரு விமான டிக்கெட்டோ தேவைப்படும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?