எஞ்சினின் மினுக்கமும் வீட்டாரின் மூச்சும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதிலிருந்து நம் நாட்டில் பழைய கார் என்பது பரம்பரைச் சொத்தின் மதிப்பைப் பெற்றுவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டவில்லை. இருப்பதைப் பேணுவதே வழி என்று பலரும் முடிவு செய்துவிட்டனர். மாத்தளை நகரிலும் உக்குவளை, இரத்தோட்டைப் பக்கங்களிலும், எஞ்சின் உறுப்புகளை வீட்டு முற்றத்தில் கழற்றி வைத்துச் சுத்தம் செய்து வர்ணம் பூசுவோரைக் காண்கிறேன்.

இது வரவேற்கத்தக்க பழக்கமே. துரு தடுக்கப்படுகிறது. சுத்தமான எஞ்சினில் எண்ணெய்க் கசிவு உடனே கண்ணில் படும். தன் கையால் தன் வாகனத்தைப் பேணுபவனுக்கு அதன் நோயும் தெரியும்.

ஆனால் வேலையின் கடைசிக் கட்டமாக, வர்ணத்தின் மேல் ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற மேற்பூச்சை விசிறுகிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

கிளியர் கோட்டில் இரு வகை உண்டு. ஒன்று, கரைப்பான் ஆவியாகித் தானே காய்வது. மற்றது, ஹார்ட்னர் என்னும் இறுக்கியைக் கலந்ததும் இரசாயன வினையால் இறுகுவது. பெற்றோலோ எண்ணெயோ பட்டால் எளிதில் கரையாது என்பதால் இரண்டாவதையே பலரும் நாடுகின்றனர். அந்த இறுக்கியில் இருப்பவை ஐசோசயனேட்டுகள்.

1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட மெதைல் ஐசோசயனேட்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வர்ண டின்னில் இருப்பது அதுவன்று. அதைப் போல எளிதில் வாயுவாகப் பரவுவதுமன்று. பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. ஆயினும் விசிறும்போது இது நுண்துளிகளாகக் காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. பிரித்தானியாவில் தொழில்வழி ஆஸ்துமாவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக ஐசோசயனேட்டுகள் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. பாதிக்கப்பட்டோரில் வாகனங்களுக்கு வர்ணம் விசிறுபவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

இதன் இயல்பு வஞ்சகமானது. தீங்கு செய்யும் அளவில் இருக்கும்போதும் மணம் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் நேராதது போலிருக்கும். உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டாலோ, பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சைத் திணறவைக்கும். தூசி மறைக்கும் முகக்கவசம் இதற்குக் காப்பாகாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி கொண்டுவரும் கவசம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், உரிய பயிற்சி பெறாத தொழிலாளர் இவ்வகைப் பொருட்களைக் கையாள முடியாது. நாமோ மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அடுத்த அறையில் குழந்தை உறங்கும்போது முற்றத்தில் நின்று விசிறுகிறோம். அடியிலுள்ள பொத்தானை அழுத்தி இறுக்கியைக் கலக்கும் ஸ்பிறே டின்களிலும் இருப்பது இதே பொருள்தான். டின் சிறியது என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது.

இத்தனைக்கும், எஞ்சினுக்கு அந்த மேற்பூச்சு அவசியந்தானா? எஞ்சினுக்கென்றே தயாரிக்கப்படும் எனாமல் வர்ணங்கள் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை தாங்கும். காய்ந்ததும் தாமாகவே பளபளக்கும். வால்வு மூடிக்கும் சிலிண்டர் தொகுதிக்கும் அதுவே போதுமானது. கார் உடலுக்காகத் தயாரிக்கப்பட்ட கிளியர் கோட்டை ஓயாமல் சூடேறும் உறுப்பின் மேல் பூசினால், நாளடைவில் மஞ்சளிக்கலாம், வெடிக்கவும் கூடும். புகை வெளியேறும் குழாய்த் தொகுதியோ பல நூறு பாகை வரை சூடேறுவது. சிலிக்கோன் கலந்த உயர்வெப்ப வர்ணம்தான் அங்கே நிற்கும்; அதையும் படிப்படியாகச் சூடாக்கியே இறுகவைக்க வேண்டும்.

பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது மேலே இருக்கும் மினுக்கம் அன்று, கீழே செய்த துப்புரவு. கிறீஸ் எஞ்சியிருந்தால் எந்த வர்ணமும் உரியும். துருவின் மேல் பூசினால் அது உள்ளேயே வளரும். மாத்தளையின் மழைக்கால ஈரக்காற்றில் விரைந்து காயும் பூச்சுகளில் வெண்படலம் படர்வதும் உண்டு. இவற்றில் எதையும் கிளியர் கோட் தீர்க்காது, மூடிவைக்கும், அவ்வளவே.

வீட்டிலிருந்தே பூச்சு வேலை செய்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஹப்புவித கிராமத்தின் அரக்கு வேலை நாடறிந்தது. அரக்கைச் சூட்டில் இளக்கி, நிறமேற்றி, மெல்லிய இழைகளாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் மரத்தில் பதித்துக் கோலமிடுவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இக்கலையையும் பதிவு செய்திருக்கிறார். விசிறலோ இறுக்கியோ இல்லாத தொழில் அது. கையாளும் பொருள் இடங்கொடுத்ததால்தான் தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ முடிந்தது. ஐசோசயனேட்டு அத்தகைய பொருளன்று.

ஆகவே வீட்டில் வேலை செய்வோருக்கு நான் சொல்வது இதுதான்: எஞ்சின் எனாமலைத் தூரிகையால், காற்றோட்டமான வெளியிடத்தில் பூசுங்கள், நெருப்பை அருகில் அண்டவிடாதீர்கள். இறுக்கி கலந்த மேற்பூச்சு கட்டாயம் வேண்டுமென்றால், கழற்றிய உறுப்பை முறையான ஸ்பிறே அறையும் காற்றுக்கவசமும் உள்ள கராஜில் கொடுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நான் பார்த்த டின்களில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் எறும்பு எழுத்தில் இருக்கிறது. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக உள்ள நாட்டில், மூச்சைப் பறிக்கக்கூடிய பொருளின் எச்சரிக்கை அவ்விரு மொழிகளிலும் வாசிக்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கட்டாயப்படுத்த வேண்டும். அது வரும்வரை, டின்னை வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதில் ஐசோசயனேட்டு இருக்கிறதா?” அவருக்குத் தெரியாவிட்டால், டின்னை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.