“படிப்புக்குத்தானே” என்று சொல்லித் தப்ப ஏலாது



ஊர்ப் பிள்ளைகளுக்காக நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து செய்த தமிழ் எழுத்து விளையாட்டு எங்கே என்று கேட்கிறீர்கள். அது நிற்பது 40 படங்களால்.

விளையாட்டை ஓபன் சோர்ஸ் என்று சொல்லித்தான் தொடங்கினோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் இணையத்தில் எடுத்த அந்தப் படங்களின் லைசன்ஸ் “வணிகத்துக்குப் பாவிக்கக் கூடாது” என்கிறது.

“படிப்புக்குத்தானே, யார் கேட்கப் போறாங்க?” என்று எங்களுக்குள்ளேயே சிலர். சரி, நாங்கள் காசு வாங்கவில்லை. சந்தியில் கொமியூனிகேஷன் வைத்திருக்கும் தம்பி 100 ரூபாய்க்கு அதைப் பென்ட்ரைவில் ஏற்றிக் கொடுத்தால்? மாதக் காசு வாங்கும் டியூஷன் சேர் வகுப்பில் போட்டால்? வெளியில் நாங்கள் எழுதிய “ஓபன் சோர்ஸ்” என்ற சொல்லை நம்பித்தானே எடுத்தார்கள். மாட்டுவது அவர்கள். இது அமானிதமா?

நல்லெண்ணத்தில் போடும் நிபந்தனையும் இதே சிக்கல்தான். டக்ளஸ் க்ரொக்ஃபோர்ட் என்பவர் தன் ஜேசன் மென்பொருளின் லைசன்ஸில், நன்மைக்கே பாவிக்க வேண்டும், தீமைக்கல்ல என்று ஒரு வரி சேர்த்தார். கேட்க எவ்வளவு அழகு! எது தீமை என்று யார் தீர்ப்பது? டெபியன்காரர்கள் அதைச் சுதந்திர மென்பொருளாக ஏற்கவேயில்லை.

“அந்த டெபியனே மூடிய கோப்புகளைப் போடுதே” என்றார் ஒரு சேர். உண்மைதான். வைஃபை போன்றவை இயங்கத் தேவையான, கம்பனிகள் திறந்து தராத ஃபெர்ம்வெயார் கோப்புகளைச் சேர்க்க 2022இல் வாக்கெடுத்து, 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் சேர்த்தார்கள். மீதியையும் வாசியுங்கள் சேர். பகிர அனுமதியுள்ள கோப்புகளைத்தான் எடுத்தார்கள். அவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, சுதந்திரமற்றது என்று பிரிவின் பெயரிலேயே எழுதினார்கள். வேண்டாதவர் நிறுத்தவும் வழி விட்டார்கள். எங்கட 40 படங்களோ விளையாட்டின் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் கிடக்கின்றன. படமில்லாமல் விளையாட்டும் இல்லை, ஆகவே தனியாக வைத்தும் பயனில்லை.

அதனால் எல்லாவற்றையும் புதிதாக வரைகிறோம். பிள்ளைகளே வரைகிறார்கள், பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குகிறோம். 11 முடிந்தது. வரையத் தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். ஒட்டகம் இன்னும் ஒருவருக்கும் சரியாக வருதில்லை.