பொது ஜனங்களின் புத்தியும் கமிட்டியாரின் தீர்ப்பும்

ஸ்தாபனங்கள் தங்களுக்கு வழி தெரியாத காரியத்தில், "யாருக்குத் தெரிந்தாலும் சொல்லலாம், பரிசு தருகிறோம்" என்று பொது ஜனங்களைக் கேட்பது இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. 2006-ம் வருஷத்தில் இதற்குக் கிரௌட்சோர்சிங் என்று பெயரும் வைத்தார்கள். நாம் இதை வரவேற்கிறோம். ஏனெனில், புத்தி ஒரு கூட்டத்தாருக்கே பிறப்பில் கிடைத்த சொத்து என்கின்ற புரட்டு இதனால் பொய்யாகிறது. ஆனால் கேட்கிறவர்கள் யோக்கியமாய்த் தீர்ப்புச் சொல்லுகிறார்களா என்பதே நமது கேள்வி.

பழைய சங்கதி ஒன்றைப் பார்ப்போம். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு காலத்தில் சரியான வழி கிடையாது. 1714-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, அதை அரைப் பாகைக்குள் காட்டும் வழியை யார் கொண்டுவந்தாலும் 20,000 பவுன் என்று சட்டம் செய்து, பரிசீலிக்க ஒரு கமிட்டியும் போட்டது. கமிட்டியில் அட்மிரல்களும் வான சாஸ்திரிகளும் பேராசிரியர்களும் இருந்தார்கள். பதில் ஆகாயத்திலிருந்து வருமென்று அவர்களில் பலர் எண்ணியிருக்க, அது ஒரு தச்சுப்பட்டறையிலிருந்து வந்தது!

ஜான் ஹாரிசன் என்பவர் தச்சுத் தொழிலாளி; சர்வகலாசாலையின் வாசலை மிதித்தவரல்ல. பல வருஷம் பாடுபட்டு அவர் செய்த கடிகாரம், 1761-ல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் 81 நாளில் ஏறக்குறைய 5 விநாடியே பிசகிற்று. தற்செயலாயிருக்கலாம் என்றார்கள் கமிட்டியார். 1764-ல் பார்படோஸ் யாத்திரையில் மறுபடியும் சோதித்தார்கள். சட்டம் கேட்டதைவிட மூன்று பங்கு திருத்தமாய்க் காட்டிற்று. அப்படியும் 1765-ல் பாதிப் பணத்துக்குத்தான் சம்மதித்தார்கள்; அதற்கும் கடிகாரத்தின் உள்மர்மத்தை விளக்கி, கடிகாரங்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். சந்திரனைக் கொண்டு கணிக்கும் முறைக்காக உழைத்த மாஸ்கலின் அவ்வருஷமே அரசாங்க வான சாஸ்திரியாகிக் கமிட்டியிலும் உட்கார்ந்தார். போட்டிக் கடிகாரத்தைச் சோதிக்கும் வேலை அவரிடமே போயிற்று! அறிக்கை எப்படியிருந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

கமிட்டியார் இடையிடையே அவருக்குச் செலவுக்குப் பணம் கொடுத்ததை நாம் மறைக்கவில்லை. ஒரு கடிகாரம் போதாது, பிறரும் அதைச் செய்யக்கூடியதாயிருக்க வேண்டும் என்றதிலும் நியாயமுண்டு. ஆனால் 1772-ல் குக் என்ற மாலுமி அக்கடிகாரத்தின் நகலுடன் கடலேறிவிட்டார். ஹாரிசனோ அரசரிடம் முறையிட்டு, 1773-ல், தமது 80-வது வயதில், பார்லிமெண்டின் தயவால் 8,750 பவுன் பெற்றார். கமிட்டியாரோ முழுப் பரிசை எவருக்குமே கொடுக்கவில்லை.

இக்காலத்து முறை இன்னும் மோசமாகவும் இருக்கக்கூடும். 2005-ல் அமேசான் கம்பெனி ஆரம்பித்த மெக்கானிக்கல் டர்க் என்னும் ஏற்பாட்டில், ஊர் பேர் தெரியாத பலர் சில்லறைக் கூலிக்குச் சிறு சிறு வேலைகளைச் செய்தார்கள். வேலை கொடுத்தவன் "திருப்தியில்லை" என்றால் கூலி கிடையாது. செய்த வேலை மாத்திரம் அவன் கையில் இருக்கும்.

ஆதலால், இப்படிப்பட்ட அழைப்பு எதுவானாலும், பரிசுத் தொகையைப் பார்க்குமுன், தீர்ப்புச் சொல்லுகிறவர் யார், அவருக்கு அதில் சொந்த லாபமுண்டா, தள்ளினால் காரணம் எழுதிக் கொடுப்பாரா என்று தோழர்கள் எழுத்து மூலம் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.