கட்சிரோலிக்கு இணையம், கோடத்துக்கு வானம்

புணே–நாசிக் அரை அதிவேக ரயில் பாதை நாராயண்காவ் வழியாக நேராகப் போகாது என்று ரயில்வே அமைச்சகம் சொல்லிவிட்டது. அந்த ஊருக்குப் பக்கத்தில் கோடத் கிராமத்தில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கிதான் காரணம். 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள், மெல்லிய எஃகுக் கம்பி வலையால் ஆனவை, சுமார் 25 கிலோமீட்டருக்குப் பரவி நிற்கின்றன. கோடிக்கணக்கான ஒளியாண்டுகள் கடந்து வரும் அலைகளைக்கூடப் பிடிக்கும் கருவி அது. பக்கத்தில் மின்சார ரயில் ஓடினால் எழும் ரேடியோ இரைச்சலில் எதுவும் கேட்காது. பாதை ஷீரடி பக்கமாகத் திரும்புகிறது. தக்காளிச் சந்தைக்குப் பேர்போன நாராயண்காவுக்கு இது பெரிய இழப்பு. அந்த மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், வானியலுக்காக ரயிலையே விலக்கிய முடிவை நாம் மதிக்கிறோம்.

தரையில் இத்தனை கவனம் காட்டுகிறோம். தலைக்கு மேலே?

2025 நவம்பரில் மகாராஷ்டிர அரசு ஸ்டார்லிங்க் நிறுவனத்துடன் விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டது. இப்படிச் செய்த முதல் இந்திய மாநிலம் அதுதான். கட்சிரோலி, நந்துர்பார், தாராசிவ், வாஷிம் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் செயற்கைக்கோள் இணையம் வரும் என்கிறார்கள். வரட்டும், சீக்கிரமே வரட்டும். கட்சிரோலியின் பாம்ராகட், பர்ல்கோட்டா ஆறு பெருக்கெடுத்தால் வெளியுலகத் தொடர்பை இழந்துவிடும் ஊர். அங்கே சுகாதார நிலையத்தில் இருக்கும் நர்ஸ், மாவட்ட மருத்துவமனை டாக்டரிடம் உடனே ஆலோசனை கேட்க முடிந்தால் ஓர் உயிர் பிழைக்கும். அவரிடம் போய் இரவு வானின் அழகைப் பேச நமக்கு வாய் வராது.

ஆனால் இணையம், வானம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யார் சொன்னது?

2019 மே மாதம் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முதன்முதலாக மொத்தமாக ஏவப்பட்டன. இன்று எண்ணாயிரத்துக்கும் மேல் சுற்றுகின்றன. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், தரையில் இருட்டிய பிறகும் அவற்றின் மீது வெயில் படும். அந்தி முடிந்ததும், விடியலுக்கு முன்பும் தொலைநோக்கிகள் எடுக்கும் படங்களில் கோடு கோடாக விழுவது அதனால்தான். புணே நகரத்து விளக்குகள் ஏற்கெனவே பாதி வானத்தை விழுங்கிவிட்டன, உண்மைதான். அதற்குத் தப்பித்தான் புணேயின் வானியல் ஆய்வு மையமான ஐயுகா தன் 2 மீட்டர் தொலைநோக்கியைக் கிராவலியில் கொண்டுபோய் வைத்தது. நகரத்து வெளிச்சத்திலிருந்து விலகிப் போகலாம். செயற்கைக்கோளிலிருந்து விலகி எந்த மலைக்குப் போவது?

ஜி.எம்.ஆர்.டி.க்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. இணைய சிக்னல் அதன் அலைவரிசையில் இல்லை. ஆனால் செயற்கைக்கோளின் மின்னணுக் கருவிகளிலிருந்து கசியும் அலைகளை நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பதிவு செய்து 2023இல் வெளியிட்டது. கோடத் கேட்கும் அலைவரிசையில் ஒரு பகுதியும் அதில் அடக்கம். இந்தக் கசிவைத் தொழிற்சாலையிலேயே அடைத்தால்தான் உண்டு.

வழி இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் தலைமுறை ஸ்டார்லிங்குக்கு அனுமதி தந்தபோது, வானியல் ஆய்வுக்குப் பாதிப்பைக் குறைக்க அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையுடன் ஒத்துழைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ரேடியோ தொலைநோக்கியின் பார்வைக்கோட்டைக் கடக்கும்போது அலைக்கற்றையைத் திருப்பிக்கொள்ளும் முறையும் அங்கே சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கா போட்டதுபோல் நாமும் நிபந்தனை போடுவதில் என்ன கஷ்டம்?

நம் அரசும் நிபந்தனை போடத் தெரியாத அரசல்ல. நாட்டுப் பாதுகாப்புக்காக 2025 மே மாதம் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு நீண்ட பட்டியலே கொடுத்தது. ஸ்டார்லிங்குக்கு விண்வெளி அனுமதி அமைப்பான இன்ஸ்பேஸ் தந்த அனுமதி 2030 ஜூலை வரைதான். அதைப் புதுப்பிக்கும்போதும், மற்ற நிறுவனங்களுக்கு அனுமதி தரும்போதும் வானியலாளர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கோடத், கிராவலி, நம்முடைய ஊட்டி, காவலூர், லடாக்கின் ஹான்லே ஆகிய தொலைநோக்கித் தளங்களின் பெயர்கள் அந்த அனுமதிக் கடிதத்திலேயே இடம்பெற வேண்டும்.