தள்ளிவிட ஆளில்லாத ஆலை

"யாருக்கும் வராத நோய்க்குப் பிள்ளைக்கு எதற்கு ஊசி?" இளம் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தொண்டை அடைப்பானை, அதாவது டிப்தீரியாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பதிலைச் செம்பனை ஆலையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்நாட்டில் வணிகத்துக்காக முதலில் செம்பனை நட்டது, கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். அந்த வட்டாரத்தாருக்கு ஆலையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும், குலை லோரியில் வந்து சேர வேண்டும். வந்தது அடுத்தடுத்து நகர வேண்டும். நகராவிட்டால் ஆலை நின்றுவிடும்.

நம் உயிரணுக்களுக்குள்ளும் புரதம் செய்யும் ஆலைகள் உண்டு. ரைபோசோம் என்று பெயர். அவற்றின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

ரைபோசோமும் தனியாக ஓடாது. ஒரு துணைப் புரதம் அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். இன்னொன்று, ஒவ்வோர் அமிலம் சேர்ந்ததும், மரபுச் செய்தியை மூன்று எழுத்து தள்ளிவிடும். அப்போதுதான் அடுத்த அமிலத்துக்கு இடம் கிடைக்கும். இந்தத் தள்ளிவிடும் உதவியாளரின் பெயர் இஎஃப்-2.

டிப்தீரியா கிருமியின் நச்சு குறிவைப்பது இந்த உதவியாளரைத்தான். உயிரணுவுக்குள் நுழைந்து, இஎஃப்-2 மீது சிறு வேதிப்பொருள் ஒன்றை ஒட்டிவிடும். அதோடு அது முடங்கும். ரைபோசோம் பழுதாகவில்லை, ஆனாலும் வேலை நின்றுபோகும். ஓர் உயிரணுவைக் கொல்ல ஒரே ஒரு நச்சு மூலக்கூறு போதும். தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சு அடைபடும், இதயமும் பாதிக்கப்படலாம்.

உள்ளே நுழைந்துவிட்ட நச்சை முறிமருந்தாலும் எட்ட முடியாது. வெளியிலேயே மடக்க வேண்டும். தடுப்பூசி உடலுக்குக் கற்றுத் தருவது அதைத்தான்.

வராத நோய் என்றும் சொல்லிவிட முடியாது. 2016-இல் நம் நாட்டிலேயே, தடுப்பூசி போடாத பிள்ளைகள் இந்நோயால் இறந்தார்கள்.

அரசாங்க கிளினிக்கில் 2, 3, 5, 18-ஆம் மாதங்களில் இந்த ஊசி போடுகிறார்கள். முதலாம் ஆண்டில் பள்ளியில் மீண்டும் ஒன்று. முதல் மூன்றையும் போட்டுவிட்டு, வீடு மாறியதிலும் வேலை ஷிப்டிலும் 18-ஆம் மாதத்தை மறந்திருக்கலாம். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் தாதியிடம் சொல்லுங்கள்; இப்போதும் போட்டுக்கொள்ளலாம்.