பிடிபட்ட காய் கட்சி மாறும்

சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட காய் பெட்டிக்குள் போய்விடும். ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியில் அது கட்சி மாறிவிடும்! எதிராளியிடம் பிடித்த காயை, உங்கள் முறை வரும்போது காலிக் கட்டத்தில் உங்கள் காயாக இறக்கலாம். அதனால்தான் இரு தரப்புக் காய்களுக்கும் ஒரே நிறம். கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே யாருடையது என்று தெரியும்.

இவ்வளவு சுவையான ஆட்டம் மேற்கத்தியரிடம் ஏன் எளிதில் பரவவில்லை? காய்களில் இருக்கும் சீன எழுத்துகள் ஒரு பெரிய தடை. 40 காய்களும் ஒரே மாதிரி ஐங்கோண மரத்துண்டுகள்; எழுத்து தெரியாதவருக்கு எல்லாம் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹாட்ஜஸ் 1976 முதல் 1987 வரை 'ஷோகி' என்ற ஆங்கில இதழையே நடத்திப் பார்த்தார். போலந்தின் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா 'நருட்டோ' காமிக்ஸ் படித்து இந்த ஆட்டத்தை அறிந்தவர். 2017ல் ஜப்பானில் தொழில்முறை வீராங்கனையாகி, அந்தத் தகுதியைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் ஆனார்.

எழுத்துக்குப் பதில் படம் போட்ட காய்களைக் கண்டால் சில பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், புதியவருக்குப் படமே போதும். ஜப்பானிய வீராங்கனை கிதாவோ மதோகா 2008ல் உருவாக்கிய விலங்கு ஷோகியில் 12 கட்டங்கள்தான். ஆளுக்குச் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, யானை, கோழிக்குஞ்சு என நான்கு காய்கள். எந்தத் திசையில் நகரலாம் என்பதைக் காயிலுள்ள புள்ளிகளே சொல்லும். கடைசி வரிசையை எட்டும் குஞ்சு, கோழியாகிவிடும். நம் சதுரங்க யானை நேராகப் போகும். இந்த யானை குறுக்கே ஒரு கட்டம் மட்டுமே. குழம்பிவிடாதீர்கள்!

ஓர் அட்டையும் கலர் பென்சிலும் இருந்தால், இன்றைக்கே பிள்ளைகளோடு செய்து ஆடிப் பார்க்கலாம்.