எழுபது வயதில் ஒரு புதிய ஆசிரியர்



ஆசிரியப் பணியில் புதிதாக அமர்ந்த ஒருவருக்கு முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். ஹஜ்ரத்திடம் சென்று துஆச் செய்யச் சொல்வார்கள். அந்தப் பணி யார் யாருடைய கைகளைக் கடந்து தம்மிடம் வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? அவ்வாறு எண்ணிப் பார்த்த ஒரு புதிய ஆசிரியரைப் பற்றி இம்மாதம் கூற விழைகின்றேன். அவர் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது எழுபது.

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களை ஏவுகணை அறிஞராகவும் குடியரசுத் தலைவராகவும் நம் பிள்ளைகள் அறிவர். 2001 நவம்பரில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியிலிருந்து விலகி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அவர் பேராசிரியராக அமர்ந்த செய்தியை அறிந்தவர் குறைவு. 1950களில் அவர் விமானப் பொறியியல் பயின்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி. பின்னர் அப்பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாயிற்று. ஆகவே, பயின்ற இடத்துக்கே பயிற்றுவிக்கத் திரும்பினார் எனலாம். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் டில்லியிலிருந்து பிரதமரின் அழைப்பு வந்தபோதும் அவர் அங்கே விரிவுரையாற்றச் சென்றிருந்தார்.

அவரைப் பற்றி இப்பகுதியில் எழுத எனக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அவருக்கு இயற்பியல் கற்பித்த அருட்தந்தை சின்னதுரை அவர்கள், தம் முதுமைக் காலத்தை நம் திண்டுக்கல்லில், சேசு சபையினரின் பெஸ்கி இல்லத்தில் கழித்தவர். (தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவரின் இயற்பெயரே பெஸ்கி என்பது இலக்கியம் பயின்றோர் அறிந்ததே.) நாட்டின் மிக உயர்ந்த பதவியை வகித்த மாணவர், இவ்வூருக்கு வந்தபோது அந்த ஆசிரியரைத் தேடிச் சென்று கண்டார். 2015 ஜூலையில் மாணவர் மறைந்த செய்தி எட்டியபோது ஆசிரியர் உயிருடன் இருந்தார்.

அணுவின் உட்கூறுகளையும், கதிரியக்கப் பொருள் குறிப்பிட்ட காலத்தில் பாதியாகத் தேய்ந்துபோகும் தன்மையையும் தமக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் இவரும் ஒருவர் எனக் கலாம் அவர்கள் 1999இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் பெயர் சுட்டி எழுதினார். பாடம் கேட்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் எழுதியது அது. நம்மில் பலரிடம் நன்றியுணர்வு அந்தக் கதிரியக்கப் பொருளைவிட விரைவாகத் தேய்ந்துவிடுகிறது!

அந்நூலில் ஆசிரியர்கள் பலர் வருகின்றனர். இராமேசுவரத்தில் அறிவியல் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயர், ஆசாரம் மிக்க தம் மனையில் முஸ்லிம் மாணவனுக்கு உணவு பரிமாற மனைவியார் தயங்கியபோது தம் கையாலேயே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். மறுவாரமும் அழைத்தார், அப்போது அவ்வம்மையாரே பரிமாறினார். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அய்யாத்துரை சாலமோன் கற்பித்தார். இவர்களை எல்லாம் மேடைதோறும் பேசுகின்றோம்.

ஆனால் வாசகர்களே, அவருடைய தமக்கை ஜொஹராவைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசுகின்றோம்? எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அந்நாளில் அக்குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்டுத் தருவதென அந்த மாணவர் உறுதி பூண்டார். கல்வி உதவித்தொகை பெறுமளவு படிப்பதொன்றே அதற்கு வழி எனக் கண்டார்.

நம் இல்லங்களில் இது புதிய கதையன்று. தம்பியின் படிப்புக்கென அடகுக் கடைக்குப் போன வளையல் எத்தனை! அவற்றுள் திரும்பி வந்தவை எத்தனை? பட்டம் வந்துவிடும், வேலையும் வந்துவிடும், பிறகு தம்பிக்குத் திருமணம் என்பார்கள், வீடு கட்டுகிறான் என்பார்கள். அக்காளும் வாய்திறந்து கேட்கமாட்டாள். மஹராகப் பெற்ற நகை அவளுடைய தனிச் சொத்து. அதில் கணவனுக்கே உரிமையில்லை எனும்போது தம்பிக்கு எங்கிருந்து வரும்? அன்பளிப்பு என்று அவள் மனமுவந்து சொல்லாதவரையில் அது கடனே. ‘அக்காளை மறக்கமாட்டேன்’ என்ற சொல்லால் அக்கடன் தீராது.

நன்றியில் ஆவணமும் வேண்டும் என்பது என் கருத்து. என்னிடம் கல்லூரி தந்த கலைப்பட்டச் சான்றிதழ் ஒன்று உள்ளது. அதில் என் பெயர் இருக்கிறது. எனக்குக் கற்பித்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. ஹதீஸ் கலையில் வழங்கப்படும் இஜாஸாவோ வேறு வகை. ஓதிக்கொடுத்த உஸ்தாத் யாரிடம் ஓதினார், அவர் யாரிடம் ஓதினார் எனப் பெயர்த்தொடர் பின்னோக்கிச் செல்லும். மாணவன் அத்தொடரின் கடைசிக் கண்ணி. அப்பெயர்களின்றி அவன் கற்றதற்கு மதிப்பில்லை.

உடன் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும். 1979 ஆகஸ்டு 10 அன்று, கலாம் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் தோல்வியுற்றபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகையாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியபோது, பேட்டியளிக்கக் கலாமை அனுப்பிவைத்தார். இதைக் கலாம் அவர்கள் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார். பள்ளித் தேர்வு முடிவு வரும் நாளில் நம் தலைமையாசிரியர்களும் மதரஸா நிர்வாகிகளும் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

மாணவர்க்கு ஆசிரியர் நன்றி கூறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 2002இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் மாணவர்களோடு உரையாடுகையில், நமக்குப் பகைவர் யார் என்ற வினா எழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வறுமையே பகைவன் என விடை பகர்ந்தாள். அவ்வாண்டு வெளியான தம் நூலை அவர் அம்மாணவிக்கே காணிக்கையாக்கினார்.

2015 ஜூலை 27. குவாஹாத்தியிலிருந்து ஷில்லாங்குக்கு இரண்டரை மணிநேரக் கார்ப் பயணம். முன்னால் சென்ற திறந்த வாகனத்தில் காவலர் ஒருவர் துப்பாக்கியேந்தி நின்றபடியே வந்தார். அவரை உட்காரச் சொல்லுமாறு கலாம் அவர்கள் வழியெங்கும் உதவியாளரிடம் கூறினார், செய்தி எட்டவில்லை. சென்று சேர்ந்ததும் அக்காவலரைத் தேடி அழைத்து வரச் செய்தார். கைகுலுக்கி நன்றி கூறினார். களைத்துவிட்டீர்களா, ஏதேனும் உண்கிறீர்களா என வினவினார். தம்பொருட்டு அவ்வளவு நேரம் நிற்க நேர்ந்ததற்கு வருத்தமும் தெரிவித்தார். அதன் பின்னர்தான் மாணவர்கள் காத்திருந்த மண்டபத்துக்குச் சென்று, தம் கடைசிப் பாடத்தைத் தொடங்கினார்.